பூமியின் வரவு செலவுக் கணக்கு

(நாஞ்சில் நாட்டில் ஒரு கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று பேசும்படி நமக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயமானது, பூமிக்கு வருகிற உஷ்ணத்தையும் பூமியை விட்டுப் போகிற உஷ்ணத்தையும் ஆகாயத்திலிருந்து அளக்கும் கருவிகளைப் பற்றியதாகும். இதைக் கேட்டவுடனே, "நெல் விலையைப் பற்றியோ குளத்துத் தண்ணீரைப் பற்றியோ பேசாமல், ஆகாயத்தில் சுற்றுகிற ஒரு பெட்டியைப் பற்றிப் பேசவா இவ்வளவு தூரம் வந்தார்கள்?" என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். ஆனால் குளத்துத் தண்ணீரும் அந்தப் பெட்டியும் ஒன்றுக்கொன்று சம்பந்தமற்றவையல்ல என்பதைக் கூட்டம் முடிவதற்குள் நீங்களே ஒப்புக்கொள்ளுவீர்கள் என்று நம்புகிறோம்.

இந்த விஷயத்தை நாம் எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. சில நாட்களுக்கு முன் தோவாளைப் பக்கத்தில் ஒரு டீக்கடையில் பேசிக்கொண்டிருந்தபோது, வயதில் நமக்கு மிகவும் மூத்த விவசாயி ஒருவர் நம்மைப் பார்த்து, "பஞ்சாங்கத்த நம்பாதேண்ணு சொல்லுதியோ. வானத்துல சுத்துத பெட்டி சொன்னத நம்பணும்ணும் சொல்லுதியோ. ரெண்டையும் நாங்க கண்ணால கண்டோமா?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நாம் சிரிக்கவில்லை. ஏனென்றால் அது கேட்கவேண்டிய கேள்வி. அதற்குச் சரியான பதில் நம்மிடம் இல்லையானால், நாம் ஒரு நம்பிக்கையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அதே குழியில் இன்னொரு நம்பிக்கையை நட்டவர்களே ஆவோம். அன்று அந்தப் பெரியவருக்கு அவசரத்தில் நாம் சொன்ன பதில் நமக்கே திருப்தியாயில்லை. ஆகவே இன்று அதைச் சாவகாசமாகச் சொல்லிப் பார்க்கிறோம்.

வரவும் செலவும்

பூமிக்கு வரவு ஒன்றே ஒன்றுதான். அது சூரியனிடமிருந்து வருவது. செலவு இரண்டு வகை. வந்த வெளிச்சத்தில் ஒரு பங்கு மேகத்திலும் பனியிலும் மணலிலும் பட்டு அப்படியே திரும்பிவிடுகிறது. சுவாமித்தோப்பு உப்பளத்தில் நடுப்பகலில் நின்று பார்த்தவர்களுக்குக் கண் கூசுவது ஏன் என்று தெரியும். வெள்ளை உப்பு வெளிச்சத்தை வாங்கிக்கொள்ளாமல் திருப்பி அடிக்கிறது என்பதுதான் அதன் அர்த்தம். மற்றப் பங்கை நிலமும் கடலும் காற்றும் வாங்கிச் சூடாகின்றன. சூடான பொருள் எதுவும் சும்மா இருப்பதில்லை. அடுப்பிலிருந்து இறக்கி வைத்த கஞ்சிப் பானையின் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால், தொடாமலே அனல் தெரிகிறதல்லவா? அதுபோலவே பூமியும் இரவும் பகலும் கண்ணுக்குத் தெரியாத அனலை ஆகாயத்துக்கு வீசிக்கொண்டிருக்கிறது. இது இரண்டாவது செலவு.

இனி எண்ணிக்கையைப் பார்ப்போம். சூரியனுக்கு நேர் எதிராக, காற்றுக்கு மேலே, ஒரு சதுர மீட்டர் பலகையைப் பிடித்தால் அதன்மேல் விழுவது சுமார் 1,361 வாட். பூமி பந்து போன்றிருக்கிறபடியால், பந்தின் நிழல் எவ்வளவோ அதைப் போல் நான்கு மடங்கு அதன் மேற்பரப்பு. ஆகவே இரவு பகல், நடுக்கோடு துருவம் எல்லாவற்றுக்கும் சமமாகப் பங்கிட்டால் சதுர மீட்டருக்கு 340 வாட் வருகிறது. இதில் ஏறக்குறைய 100 வாட் வெளிச்சமாகத் திரும்பிவிடுகிறது. ஏறக்குறைய 240 வாட் அனலாகப் போகிறது. கூட்டிப் பார்த்தால் வரவும் செலவும் சரியாய்ப் போயிற்று என்று தோன்றும். ஆனால் சரியாய்ப் போகவில்லை என்பதும், சதுர மீட்டருக்குச் சுமார் ஒரு வாட் மிச்சம் பூமியிலேயே தங்கிவிடுகிறது என்பதும்தான் இன்றைய சங்கதி. காற்றில் கரியமில வாயுவும் அதைப் போன்ற வாயுக்களும் அதிகப்பட்டு அனல் வெளியே போவதைத் தடுப்பது இதற்கு முக்கியமான காரணம்.

"ஒரு வாட்தானே! அது சின்னஞ்சிறு இரவு விளக்கு அல்லவா?" என்று கேட்கலாம். பூமியின் பரப்பு சுமார் 51 கோடி சதுர கிலோமீட்டர். சதுர மீட்டருக்கு ஒரு வாட் என்றால் மொத்தம் 51 கோடி மெகாவாட். நமக்குப் பக்கத்திலுள்ள கூடங்குளத்தில் முதல் இரண்டு உலைகளும் சேர்ந்து 2,000 மெகாவாட். அப்படியானால் அதைப் போல் இரண்டரை லட்சம் நிலையங்கள் ஓய்வு ஒழிவில்லாமல் இந்தப் பூமியைச் சூடாக்கிக்கொண்டிருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். துளி சிறிதானாலும் விழுகிற இடம் பெரிது.

அளக்கிற பெட்டி

இதை அளப்பது எப்படி? தரையிலிருந்து அளக்க முடியாது. வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு கூரை வழியாக எவ்வளவு புகை போயிற்று என்று சொல்ல முடியுமா? வெளியே போய்ப் பார்க்கவேண்டும். அந்தக் காரியத்தை முதன்முதல் செய்து காட்டியவர் வெர்னர் சுவோமி என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர். 1959-ம் வருஷத்தில் எக்ஸ்புளோரர் 7 என்னும் செயற்கைக்கோளில் அவர் கருவி போயிற்று. அதன் பிறகு 1984-ல் ஒன்று, 1997 முதல் செரஸ் என்னும் கருவிகள் என்று வரிசையாய்ப் போயின.

நம் நாட்டுக்கும் இதில் பங்குண்டு. 2011 அக்டோபர் 12-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் மேகா-டிராபிக்ஸ் என்னும் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. இந்தியாவும் பிரான்சும் கூடிச் செய்த அதிலே ஸ்கராப் என்னும் கருவி ஒன்று இருந்தது. அதன் வேலையே பூமியின் இந்த இருவகைச் செலவையும் அளப்பதுதான். மற்றச் செயற்கைக்கோள்கள் பல துருவத்துக்குத் துருவம் ஓடும். இதுவோ நடுக்கோட்டுக்கு 20 பாகை சாய்வில் மட்டும் சுற்றினபடியால், நம்மைப் போன்ற வெயில் நாடுகளின் மேலேயே ஒரு நாளில் பல தடவை வந்து போயிற்று. நாம் வயலிலும் கடலிலும் நின்றபோது தலைக்குமேல் 867 கிலோமீட்டர் உயரத்தில் அது கணக்கெழுதிக்கொண்டு போனது. 2023 மார்ச் 7-ந் தேதி அதைக் கட்டுப்பாட்டோடு இறக்கி, பசிபிக் சமுத்திரத்தின் மேல் எரிந்து போகச் செய்தார்கள். அதை ஏற்றிச்சென்ற ராக்கெட்டின் இரண்டாம் அடுக்கு திரவ எரிபொருளால் ஓடுவது. அப்படிப்பட்ட எஞ்சின்களைச் சோதிக்கிற இடம் வேறெங்கோ இல்லை. ஆரல்வாய்மொழிக்கு அப்பால் தெரிகிற மகேந்திரகிரி மலையடிவாரத்தில்தான் இருக்கிறது.

பெட்டிக்குள் இருப்பது மாயமல்ல. ஒரு கண்ணாடி பூமியைப் பார்த்து வெளிச்சத்தையும் அனலையும் திருப்பிவிடும். அது ஒரு சிறு கரிய உறுப்பின்மேல் விழும். கருப்புச் சட்டைக்காரர் வெயிலில் நின்றால் வெள்ளைச் சட்டைக்காரரைவிட அதிகம் சூடாவது நமக்கு அனுபவத்தில் தெரிந்ததே. அந்தக் கரிய உறுப்பு எவ்வளவு சூடேறுகிறதோ அவ்வளவு மின்குறி வரும். ஒரு வழி எல்லாவற்றையும் அளக்கும். மற்றொரு வழி, வடிகட்டி ஒன்றை வைத்துச் சூரிய வெளிச்சத்தை மாத்திரம் அளக்கும். மொத்தத்தில் வெளிச்சத்தைக் கழித்தால் மிச்சம் அனல். அவ்வளவுதான்.

கோணல் மரக்கால்

நிற்க, இங்கேதான் முக்கியமான விஷயம் வருகிறது. அந்தக் கருவி சொல்லுவது நிஜமா?

தோழர்களே! கருவியும் மனிதன் செய்த சாமான்தான். அதன் கண்ணாடி நீல நிறத்தைச் சிறிது அதிகமாக விழுங்கும். அதன் வடிகட்டி விடக்கூடாததைச் சிறிது விடும். அதன் உடம்பே சூடேறிக் குளிரும்போது தன் அனலையே பூமியின் அனல் என்று தவறாய்க் காட்டக்கூடும். அதுவுமன்றி, அது ஒரு நேரத்தில் ஒரு திசையில் வருவதைத்தான் பார்க்கிறது. பூமியோ எல்லாத் திசையிலும் வீசுகிறது. கடல் ஒரு கோணத்தில் பளபளக்கும், மற்றக் கோணத்தில் கருத்துத் தெரியும் என்பது கட்டுமரத்தில் போகிறவர்களுக்கு நாம் சொல்லிக்கொடுக்கவேண்டியதில்லை.

இதற்கு என்ன செய்கிறார்கள்? உங்கள் களத்தில் மரக்கால் நசுங்கிப் போனால் என்ன செய்வீர்கள்? நெல்லை அளப்பதையே விட்டுவிடமாட்டீர்கள். நல்ல மரக்கால் ஒன்றோடு வைத்துப் பார்த்து, மரக்காலுக்கு எத்தனை பிடி குறைகிறது என்று கண்டு, அதைச் சேர்த்துக் கணக்குப் பார்ப்பீர்கள். இவர்களும் அதையே செய்கிறார்கள். ஏவுவதற்கு முன் கருவியைக் காற்றில்லாத அறையில் வைத்து, அளவு தெரிந்த விளக்கையும் சூடு தெரிந்த கரும்பொருளையும் அதற்குக் காட்டி, எந்த நிறத்துக்கு எவ்வளவு விழுங்குகிறது, எத்தனை நேரத்தில் சூடேறுகிறது என்று ஒவ்வொன்றாய்க் குறித்துக்கொள்ளுகிறார்கள். பிறகு அந்தக் குறிப்புகளை எல்லாம் வைத்து, கம்ப்யூட்டரில் கணக்காலேயே அந்தக் கருவியைப் போல் இன்னொரு கருவியைக் கட்டுகிறார்கள். இன்னின்ன வெளிச்சம் உள்ளே போனால் இன்னின்ன குறி வெளியே வரும் என்று அந்தக் கணக்குக் கருவி சொல்லும். அதைத் தலைகீழாகத் திருப்பினால், வந்த குறியைக் கொண்டு உள்ளே போன வெளிச்சம் எவ்வளவு என்று அறியலாம். கடல், மணல், காடு, மேகம் ஒவ்வொன்றும் எந்தத் திசையில் எவ்வளவு தெறிக்கும் என்பதற்கும் இப்படியே கணக்குகள் உண்டு.

அதோடும் விடவில்லை. மேலே போன பிறகும் கருவி தன்னோடு கொண்டுபோன கரும்பொருளை அடிக்கடி பார்த்துத் தன்னைச் சோதித்துக்கொள்ளுகிறது. ஒன்றுமில்லாத இருண்ட வெளியைப் பார்த்துப் பூஜ்யம் எது என்று தெரிந்துகொள்ளுகிறது. இரவிலே வெளிச்சத்தை அளக்கும் வழி பூஜ்யம் காட்டவேண்டும். ஏதாவது காட்டினால் அது பூமியின் வெளிச்சம் அல்ல, கருவியின் பொய். அந்தப் பொய்யின் அளவையும் குறித்துக் கழித்துவிடுகிறார்கள்.

தன் தவறைத் தானே சொன்ன கதை

இதற்கு நடந்த உதாரணம் ஒன்று சொல்லுகிறோம். 1999-ல் டெர்ரா, 2002-ல் அக்வா என்னும் இரண்டு செயற்கைக்கோள்கள் ஏவப்பட்டன. ஒவ்வொன்றிலும் செரஸ் கருவி இரண்டிரண்டாக ஜோடியாய் வைக்கப்பட்டது. சில வருஷங்களில் பூமி திருப்பி அடிக்கிற வெளிச்சம் குறைந்துகொண்டே வருவதுபோல் கணக்கு காட்டிற்று. வேறு யாராவதாயிருந்தால், "பூமி இருண்டுகொண்டு வருகிறது" என்று பறையடித்திருப்பார்கள். இவர்கள் முதலில் கருவியைச் சந்தேகித்தார்கள். ஜோடிக் கருவிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தபோது, பல திசைகளையும் அளப்பதற்காகத் திருப்பித் திருப்பி ஓட்டப்பட்ட கருவியின் கண்ணாடிகள், ஓடுகிற திசையை நோக்கி நின்றதனால் அழுக்குப் படிந்து வெயிலில் மங்கிப்போயின என்று தெரிந்தது. மங்கினது பூமியல்ல, கண்ணாடி! அதை எல்லோருக்கும் தெரியும்படி அச்சிட்டுச் சொல்லி, முந்திய கணக்கைத் திருத்தி மறுபடியும் வெளியிட்டார்கள்.

எந்தப் பஞ்சாங்கமாவது, "சென்ற வருஷம் நாங்கள் எழுதிய மழை இன்ன தேதியில் பெய்யவில்லை. எங்கள் கணக்கில் இன்ன இடத்தில் தவறு. இதோ திருத்தம்" என்று ஒரு பக்கம் போட்டதை உங்களில் யாராவது பார்த்ததுண்டா?

குளத்தில் நட்ட கம்பு

இனி இன்னும் கடினமான ஒரு சங்கதி. இவ்வளவு சோதனைகளுக்குப் பிறகும், வெளிச்சத்தில் நூற்றுக்கு ஒன்றும், அனலில் நூற்றுக்கு அரையும் தவறு இருக்கலாம் என்று அவர்களே சொல்லுகிறார்கள். 100 வாட்டில் நூற்றுக்கு ஒன்று என்றால் ஒரு வாட். 240-ல் நூற்றுக்கு அரை என்றால் ஒன்றேகால் வாட்டுக்குக் கிட்ட. நாம் தேடுகிற மிச்சமோ சுமார் ஒரு வாட்தான். அளக்கிற கோலின் பிழை அளக்கப்படுகிற பொருளைவிடப் பெரிதாயிருக்கிறது! உள்ளபடியே, செரஸ் கருவிகளின் வரவு செலவைத் திருத்தாமல் கூட்டிக் கழித்தபோது நான்கு வாட்டுக்கும் மேலாக மிச்சம் காட்டிற்று. அவ்வளவு நிஜமானால் கடல் இன்றிருப்பதைவிடப் பன்மடங்கு வேகமாகச் சூடாகியிருக்கவேண்டும். ஆகவே அது தவறு என்று அவர்களே எழுதினார்கள்.

அப்படியானால் உண்மையை எப்படிக் கண்டார்கள்? இதற்கு நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்குத்தான் பதில் சுலபமாய் விளங்கும். புத்தேரிக் குளத்தையோ சுசீந்திரம் குளத்தையோ எடுத்துக்கொள்ளுங்கள். கால்வாய் வழியாக எவ்வளவு தண்ணீர் வந்தது, மடை வழியாக எவ்வளவு போயிற்று, மறுகால் பாய்ந்தது எவ்வளவு என்று ஒவ்வொன்றையும் துல்லியமாக அளப்பது கஷ்டம். ஆனால் குளத்தின் நடுவில் கோடு போட்ட ஒரு கம்பை நட்டுவைத்தால், வரவு அதிகமா செலவு அதிகமா என்பதைக் கம்பே சொல்லிவிடும். பூமிக்குக் குளம் கடல்தான். மிச்சப்பட்ட உஷ்ணத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு கடலில்தான் போய்ச் சேருகிறது. கம்பு எது என்றால், ஆர்கோ என்னும் மிதவைகள். இந்தியா உட்பட பல தேசத்தார் கூடி இவற்றில் ஏறக்குறைய நாலாயிரத்தைச் சமுத்திரங்களில் விட்டிருக்கிறார்கள். அவை 2,000 மீட்டர் ஆழம் வரை இறங்கி, பத்து நாளைக்கொருமுறை மேலே ஏறி, ஆழத்துக்கு ஆழம் சூடு எவ்வளவு என்று செயற்கைக்கோள் மூலம் சொல்லி அனுப்புகின்றன.

ஆகாயத்துக் கருவிக்குத் தெரியாதது மொத்த அளவு. ஆனால் வருஷத்துக்கு வருஷம் ஏறிற்றா இறங்கிற்றா என்பது அதற்கு நன்றாய்த் தெரியும். கோணல் மரக்காலும் தினம் ஒரே கோணலாயிருந்தால், நேற்றைவிட இன்று நெல் அதிகம் என்று சரியாகவே சொல்லும். கடல் மிதவையோ மொத்தத்தைச் சொல்லும். ஆகவே மொத்தத்தைக் கடலிலிருந்தும் ஏற்ற இறக்கத்தை ஆகாயத்திலிருந்தும் எடுத்தார்கள். 2021-ல் வெளியான ஒரு கணக்கின்படி, 2005 முதல் 2019 வரை இந்த மிச்சம் ஏறக்குறைய இரண்டு மடங்காயிற்று. ஏறினது பத்து வருஷத்துக்குச் சுமார் அரை வாட். கடல் தனியே பார்த்தாலும் கிட்டத்தட்ட அதே ஏற்றம். ஒன்றையொன்று பார்க்காத இரண்டு சாட்சிகள் ஒரே வாக்குமூலம் கொடுத்தன. அப்படியிருந்தும் அரை வாட் என்று எழுதிய இடத்துக்குப் பக்கத்திலேயே, "இதில் பிழையும் ஏறக்குறைய அரை வாட் வரை இருக்கலாம்" என்று கூசாமல் எழுதியிருக்கிறார்கள். தோழர்களே! நாம் மதிப்பது அந்த இரண்டாவது எண்ணைத்தான்.

நமக்கு இதனால் என்ன?

பருவமழைக்கு வருவோம். ஜூன் மாதம் பிறந்தால் எல்லோரும் மேற்கே பார்க்கிறோம். கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிற்று என்று இந்திய வானிலைத் துறை சொல்ல மூன்று சோதனைகள் வைத்திருக்கிறது. முதலாவது, மே 10-ந் தேதிக்குப் பிறகு, குறித்துவைத்த 14 இடங்களில் நூற்றுக்கு அறுபது இடங்களிலாவது அடுத்தடுத்து இரண்டு நாள் 2.5 மில்லிமீட்டர் மழையாவது பெய்திருக்கவேண்டும். இரண்டாவது, மேற்குக் காற்று போதிய உயரத்துக்கும் வேகத்துக்கும் இருக்கவேண்டும். மூன்றாவது நாம் இதுவரை பேசின விஷயமேதான். அரபிக்கடலில் ஒரு குறிப்பிட்ட சதுரத்திலிருந்து போகிற அனல், சதுர மீட்டருக்கு 200 வாட்டுக்குக் குறைந்திருக்கவேண்டும். அந்தச் சதுரம் கன்னியாகுமரிக்கு மேற்கே ஏறக்குறைய 280 கிலோமீட்டரில் தொடங்குகிறது. தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்து மீனவர்கள் பல நாள் தங்கிச் சுறா பிடிக்கப் போகிற கடல் அது. அனல் ஏன் குறையும் என்றால், சூடான கடலை உயரமான மழைமேகம் மூடிக்கொள்ளுகிறது. மேகத்தின் தலையோ மிகவும் குளிர்ந்தது. பானையின் மேல் ஈரச் சாக்கைப் போட்டால் கைக்கு அனல் தெரியாததுபோலத்தான். ஆகவே கன்னிப்பூப் பயிருக்கு வரும் மழையை, அந்தப் பெட்டி கடலுக்கு மேலே இருக்கும்போதே பார்த்துவிடுகிறது.

இன்னொன்றையும் வருத்தத்தோடு சொல்லவேண்டியிருக்கிறது. 2017 நவம்பர் 30-ந் தேதி ஒக்கி புயல் நம் கடற்கரை ஊர்களுக்குச் செய்ததை இங்குள்ள யாரும் மறக்கவில்லை. அந்தப் புயல் இந்த மிச்ச உஷ்ணத்தால்தான் வந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. ஒரு புயலைக் காட்டி அப்படி அடித்துச் சொல்லுவது ஜோசியன் வேலை. ஆனால் புயலுக்குச் சாப்பாடு கடலின் சூடு என்பதும், கடலில் சாப்பாடு வருஷாவருஷம் சேர்ந்துகொண்டு வருகிறது என்பதும் அளந்து கண்டவை. ஆழ்கடலில் பல நாள் தங்கி நின்றவர்களுக்கு எச்சரிக்கை போய் எட்டாததும் நமக்குத் தெரிந்ததே. அளந்தால் மட்டும் போதாது. அளந்தது உரியவன் காதுக்குப் போய்ச் சேரவேண்டும். பெட்டி ஆகாயத்தில் சுற்றி என்ன பயன், தோணியில் இருப்பவனுக்குச் செய்தி இல்லையானால்?

ஆகவே அந்தப் பெரியவருக்கு இன்று நாம் சொல்லும் பதில் இதுதான். "ஐயா, பெட்டி சொன்னதை நம்புங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. நம்பவேண்டாம். சோதியுங்கள். எவன் ஒரு கணக்கைக் கொண்டுவந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். எதைக் கொண்டு அளந்தாய்? அதில் எவ்வளவு பிழை இருக்கலாம்? உன் கணக்கை வேறு யார், வேறு எந்த வழியில் சரிபார்த்தார்? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லுகிறவன் பேச்சைக் கேளுங்கள். கேள்வி கேட்டதற்காகக் கோபிக்கிறவன் பேச்சை விட்டுவிடுங்கள். நாங்கள் சொல்லுவதற்கும் இதே விதிதான்."

கடைசியாக ஒரு வார்த்தை. ஆகாயத்துக் கணக்கை அவர்கள் பார்க்கட்டும். உங்கள் ஊர்க் குளத்தில் கோடு போட்ட ஒரு கம்பையும், பள்ளிக்கூடத்து முற்றத்தில் ஒரு மழைமானியையும் வைத்து, தினமும் காலையில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தவறிய நாளை, "தவறினோம்" என்றே எழுதச் சொல்லுங்கள். பத்து வருஷம் கழித்து அந்த நோட்டுப் புத்தகம் உங்கள் பேரப் பிள்ளைகளுக்கு, எந்தப் பஞ்சாங்கத்தையும்விட உபயோகமாயிருக்கும்.